ஃப்ளை ஃபிஷிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

அணைக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று பழுப்பு ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கிறவரைக் காட்டும் படம் ஒன்றில், 'ஃப்ளை ஃபிஷிங்' என்பதற்குச் சப்டைட்டில் 'ஈ மீன்பிடித்தல்' என்று வந்தது. ஈயை முள்ளில் கோத்துப் போடுகிறார் என்றே சென்னையில் பார்க்கிறவர் நினைப்பார். அங்கே ஈயே கிடையாது.

ஆங்கில 'ஃப்ளை' பறத்தலைக் குறிக்கும் வினையில் பிறந்தது. முன்பு சிறகுள்ள பூச்சி எல்லாமே ஃப்ளைதான். பட்டாம்பூச்சி, தும்பி இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் தேனீயிலும் ஈ இருக்கிறதே என்பீர்கள். ஆனாலும் தனியாக ஈ என்றால், சாப்பாட்டு இலையில் வந்து உட்காருவதுதான் நினைவுக்கு வரும். பூச்சி என்பதே பொருந்தும்.

அதுவும் பொய்ப்பூச்சி. பூ கட்டுகிறவர் நாரை இறுக்குவதுபோல, முள்ளின்மேல் இறகையும் மயிரையும் வைத்து நூலால் வரிந்து கட்டுகிறார்கள். மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளைப் பொருத்திப் புள்ளி மீன்களைப் பிடித்ததை, கி.பி. 200 வாக்கில் ரோமின் எழுத்தாளர் ஏலியன் எழுதியிருக்கிறார். நம் மலைக்காட்டுச் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. மெழுகு சொட்டியதுபோல மினுங்கும் அதன் கழுத்திறகை மேல்நாட்டார் தேடி வாங்கினார்கள்.

தூண்டில் என்பதன் அடி 'தூண்டு'. மீனின் ஆசையைத் தூண்டுவது. 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று' என்கிறது 931ஆம் குறள். பொன் இங்கே இரும்பு முள். ஏமாற்றும் முள் என்ற பொருள் அன்றே உண்டு. ஆகவே 'பொய்ப்பூச்சித் தூண்டில்' என்பேன். பொய்க்கால், பொய்முகம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது புதிதல்ல.

'வீச்சுத் தூண்டில்' என்று சொன்னால் போதாது. எண்ணூர் முகத்துவாரத்தில் இறாலைக் கோத்து வீசுவதும் வீச்சுதானே? அங்கே ஈயக்குண்டின் கனம் தூண்டில் நரம்பை இழுத்துப் போகும். பொய்ப்பூச்சிக்கோ கனமே இல்லை. தடித்த நரம்பின் கனம்தான் அதைச் சுமந்து போகிறது.

படத்தில் அணையடி ஏன்? ஆழமான நீர்த்தேக்கத்தில் வெயில் மேல்தண்ணீரைத்தான் சுடவைக்கும். அடிமதகில் வெளியேறும் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். ட்ரவுட்டுக்கு அது வேண்டும். நம் பூண்டி ஏரி மதகடியில் ட்ரவுட்டைத் தேட வேண்டாம்.

ட்ரவுட்டுக்குப் புதுப்பெயர் தேவையில்லை. 'கொறிப்பது' என்னும் கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்து ட்ரவுட் ஆனது. நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. அங்கே வளர்ந்தது வேறு இனமான வானவில் ட்ரவுட் என்றாலும், மலைக்காரர் வாயில் ட்ரவுட் எப்போதோ தமிழாகிவிட்டது.