நெஞ்செரிவோடு ஓங்காளமும் வந்தால்

இரவு பிந்தி நண்டுக்கறியும் புட்டும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சு எரியும். யாழ்ப்பாணத்தில் பலருக்கு இது பழகிப்போன விஷயம். 'காஸ்ட்ரிக்தான்' என்று ஒரு குளிசை போட்டால் சரியாகியும் விடும். ஆனால் எரிவோடு ஓங்காளமும் சேர்ந்தால், அதுவும் அடிக்கடி சேர்ந்தால், காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு இறுகிக்கொள்ளும். அது நேரங்கெட்டுத் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். இரைப்பையின் உட்சுவரைத் தடித்த சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் எரிகிறது.

அந்த எரிவை உணர்வதில் நரம்பு நுனிகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற புரதத்துக்குப் பெரிய பங்குண்டு. அமிலம், சூடு, மிளகாயின் உறைப்பு மூன்றுக்குமே அது கிளர்ந்தெழும். 1997இல் அதை இனங்கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்கனவே புண்பட்டிருக்கும் உணவுக்குழாயில் நம்முடைய தூள் போட்ட கறி ஏன் இரட்டிப்பாக எரிகிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆனாலும் பழி முழுவதையும் தூளின் மேல் போடக் கூடாது. தேங்காய்ப்பாலிலும் பொரியலிலும் உள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. செமிக்கட்டும் என்று குடிக்கும் சோடாவின் வாயு இரைப்பையை உப்ப வைத்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது.

இனி ஓங்காளம். வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை மேல்நோக்கிச் செய்தி கொண்டுபோகிறவை. இரைப்பை உப்பினாலோ அதன் சுவர் அழன்றாலோ அந்தச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. வாயில் உமிழ்நீர் ஊறும், வயிற்றைப் பிரட்டும். அந்த நேரம் இரைப்பையின் வழமையான அசைவும் குழம்பிவிடும். சாப்பாடு கீழே இறங்காமல் தேங்க, அமிலம் இன்னும் மேலே வரும். இப்படி ஒன்று மற்றதை வளர்க்கிறது.

எனக்குப் பெரிய கவலை வலிக்குளிசைகள்தான். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக், இபுப்ரோபென் என்று மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போடுகிற வயதானவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! இவை இரைப்பைச் சுவரைக் காக்கும் சுரப்பைக் குறைத்துப் புண்ணாக்குகின்றன. பனடோல் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சத்தியில் இரத்தம் தெரிந்தாலோ ஒருநாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இன்னொரு காரணம். 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அதைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாட்களில் ஓங்காளமும் சத்தியும் வந்தன, இரைப்பை அழற்சியும் உறுதியானது. ரொபின் வொரனோடு அவர் 2005இல் நோபல் பரிசு பெற்றார். இன்று இந்தக் கிருமியை நுண்ணுயிர்க்கொல்லிகளால் ஒழிக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு ஹோர்மோன் உணவுக்குழாயின் அடியில் உள்ள அந்த வளையத் தசையைத் தளர்த்துகிறது. நீண்டகாலச் சலரோகம் வேகஸ் நரம்பைப் பாதித்தால் காலையில் சாப்பிட்டது மாலையிலும் வயிற்றில் கிடக்கும். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.

சாதாரண எரிவுக்கு, சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுப்பதும், இடப்பக்கம் சரிந்து படுப்பதும் நல்ல பலன் தரும். இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பையின் வாய் அமிலத்துக்கு மேலே நிற்கும்.

கடைசியாக, மாரடைப்பு. இதயத்தின் கீழ்ச்சுவரில் இரத்தம் தடைப்பட்டால் அதுவும் நெஞ்செரிவு போலவே தோன்றும், ஓங்காளமும் வரும். பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் கடும் நெஞ்சுவலி இல்லாமலே இப்படி வருவதுண்டு. குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் நோ இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.