எல்.எல்.ஆர். கையில் இருந்தால் தனியாக கார் ஓட்டலாமா? பெங்களூரில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸ் பெங்களூரில் செல்லுமா என்று இன்னமும் பலர் கேட்கிறார்கள். செல்லும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, நாட்டில் எங்கே வாங்கிய லைசென்ஸும் எல்லா மாநிலத்திலும் செல்லும். பழகுவதற்காக முதலில் தரும் தற்காலிக லைசென்ஸான எல்.எல்.ஆருக்கும் இதே விதிதான். சிக்கல் வருவது வண்டியால். டி.என். நம்பர் வண்டி 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் இருந்தால் அதன் பதிவை இங்கே மாற்றி, இங்குள்ள வரியைக் கட்ட வேண்டும். அது வண்டிக்கான விதி. அதற்காக உங்கள் லைசென்ஸை மாற்ற வேண்டியதில்லை.

இனி, முதல்முறையாகப் பழகப் போகிறவர்களுக்கு.

கியர் இல்லாத இருசக்கர வண்டி, கியர் உள்ள பைக், கார் என்று ஒவ்வொன்றும் தனி வகை. காருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். காரில் ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று லைசென்ஸில் பிரிவு கிடையாது, இரண்டுக்கும் எல்.எம்.வி. என்கிற இலகுரக வாகன வகைதான். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸுக்கான சாரதி பகுதிக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் வழியாகப் போனால், சாலைப் பாதுகாப்பு வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே எல்.எல்.ஆர். தேர்வை எழுதிவிடலாம். ஆனால் ஆதாரில் என்ன முகவரி இருக்கிறதோ அதுதான் லைசென்ஸிலும் வரும். ஆதாரில் இன்னும் திருவண்ணாமலை முகவரியே இருக்கிறதென்றால், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி முதலில் ஆதாரை மாற்றிக்கொள்வது நல்லது.

மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு வகை ஒன்றுக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50. பிறகு ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்கு வகை ஒன்றுக்கு 300, லைசென்ஸுக்கு 200. காருக்கு மட்டும் என்றால் மொத்தம் 700 ரூபாய். இதன்மேல் கார்டுக்கும் சேவைக்கும் கொஞ்சம் கூடும். ஆர்.டி.ஓ. வாசலில் நிற்கிறவர் ஆயிரக்கணக்கில் கேட்டால், இந்த 700-ஐ மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எல்.எல்.ஆர். தேர்வில் கேள்விகள் சாலைக் குறியீடுகள், விபத்து நடந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை, ஆளில்லா ரயில்வே கேட், வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் இவற்றைப் பற்றியே வரும். விதி கேட்பது 60 சதவீதம் சரியான விடை. சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை, நீலச் செவ்வகம் தகவல் என்று தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கன்னடம் படிக்க வராதவர்கள் ஆங்கிலத்தில் எழுதலாம். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் விடை சொல்லிக்கொடுக்கும் கதைகளைக் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அதனால் எல்.எல்.ஆர். கிடைத்துவிடும், நாளைக்கு 'வழி விடு' பலகை எதிரே வரும்போது மகன் பக்கத்தில் இருக்க மாட்டானே.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகே டெஸ்டுக்குப் போக முடியும். இந்த முப்பது நாளைப் பெரும்பாலோர் சும்மா காத்திருக்கும் நாளாக நினைக்கிறார்கள், இல்லாவிட்டால் லைசென்ஸே வந்துவிட்ட மாதிரி நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாவதற்கு விதியில் இடமே இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆவது விதி சொல்வது இது: பழகுகிறவரிடம் செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், அவரும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆக, மாமா பின்சீட்டில் இருந்தபடி சொல்லிக்கொண்டு வந்தால் போதாது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' பலகை வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரப் பலகை, அதில் குறைந்தது 10 சென்டிமீட்டர் உயர எழுத்து. பைக் பழகுகிறவர் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

இதைப் போலீஸ் அபராதத்தோடு முடிகிற விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, யார் ஓட்டலாம் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் 3ஆவது விதியின்படி ஓட்ட வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். தனியாக ஓட்டிப்போய் எதன்மீதாவது மோதினால், அந்த ஒரு வரியைக் காட்டி நஷ்ட ஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. பம்பர் செலவாவது கைக்கு அடங்கும். எதிரே வந்தவருக்குக் காயம் என்றால் வீட்டை விற்றாலும் ஈடுகட்ட முடியாத தொகை வரலாம்.

பள்ளியில் சேர்வது கட்டாயமா? சொந்தக் கார் ஓட்டுவதற்கு என்றால் இல்லை. லைசென்ஸ் உள்ள அண்ணனோ அப்பாவோ சொல்லிக்கொடுத்தால் போதும். பள்ளிக்குப் போவதாக இருந்தால், விதிப்படி பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் நீங்களே ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுவது 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவருக்கும் பிரேக், கிளட்ச் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எழுதிவைக்க 15ஆம் படிவம் என்றே ஒரு பதிவேடு உண்டு. என் தம்பி மனைவி சேர்ந்த ஒரு பள்ளியில் தினம் அரைமணி என்றார்கள். காரில் இரண்டு பேர், ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால். போகிற வழியில் பெட்ரோல் பங்க் ஒன்று, சாருக்கு டீ ஒன்று. பதினைந்து நாள் முடிந்தபோது அவள் கணக்குப் பார்த்தால் நான்கு மணி நேரம்கூடத் தேறவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முகம் மாறினால் வேறு பள்ளியைப் பார்த்துவிடலாம்.

'இனி ஆர்.டி.ஓ. டெஸ்டே கிடையாது, பள்ளியிலேயே லைசென்ஸ்' என்று 2024 ஜூனில் வாட்ஸ்அப்பில் சுற்றியதை நினைவிருக்கும். விதியில் புதிதாக எதுவும் மாறவில்லை என்று மத்திய அரசு அப்போதே விளக்கம் சொன்னது. 2021 ஜூலை முதல் இருக்கிற ஏற்பாடு இதுதான்: அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் 29 மணி நேரப் பாடத்தை முடித்து அங்கே தேறினால் மட்டும் ஆர்.டி.ஓ. டெஸ்டிலிருந்து விலக்கு. தெருமுனை டிரைவிங் ஸ்கூல் அந்த வகை மையம் இல்லை.

டெஸ்டுக்கு மாநிலத்தின் எந்த ஆர்.டி.ஓ.வையும் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கோரமங்கலா, இந்திராநகர், ஜெயநகர், கே.ஆர்.புரம், எலக்ட்ரானிக் சிட்டி என்று நகரத்தில் பல இருக்கின்றன. ஞானபாரதியில் சென்சார் பொருத்திய தடம் உண்டு. கோட்டைத் தொட்டீர்களா இல்லையா என்பதைச் சென்சாரே சொல்லிவிடும், அங்கே 'சார், ஒரு சான்ஸ்' என்று கேட்க முடியாது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது.

வண்டி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எதுவும் காலாவதியாகி இருக்கக் கூடாது. பைக்குக்கு எட்டு போட்டுக் காட்ட வேண்டும், கால் கீழே படக் கூடாது. காரில் பலர் தோற்பது ரிவர்ஸிலும் மேட்டில் நிறுத்தி எடுப்பதிலும்தான். மேட்டுக்கு ஹாஃப் கிளட்ச் பழக்கம் வேண்டும்: ஹேண்ட் பிரேக் போட்டபடி கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்பக்கம் லேசாகத் தூக்குவது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டமில்லாத ஏற்றம் ஒன்றில் இருபது முறை செய்து பாருங்கள். ரிவர்ஸுக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதிலிருந்தே மதிப்பெண் தொடங்குகிறது. சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணாடி, பெல்ட், பிறகு சாவி என்று கை தானாகப் போக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் சொன்னால் பதற வேண்டாம். 'எடக்கே' என்றால் இடப்பக்கம், 'பலக்கே' என்றால் வலப்பக்கம். நம் வ அங்கே ப ஆகிவிடும், அவ்வளவுதான். 'நில்லிஸி' என்றால் நிறுத்துங்கள். 'நிதானவாகி' என்பது மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். நமக்கு நிதானம் மனதில், அவர்களுக்கு வேகத்தில். மெதுவாகப் போங்கள் என்கிறார்.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி 300 ரூபாய் கட்டிப் போகலாம். மூன்று முறையும் தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும், கூடவே திருத்தப் பயிற்சி ஒன்றையும் முடிக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. அதற்குள் எல்.எல்.ஆரின் ஆறு மாதம் முடிந்துவிட்டால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். அதனால் முதல் டெஸ்டை ஐந்தாவது மாதத்துக்குத் தள்ளாமல், இரண்டாவது மாதத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

தேறினால், 30 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 40 வயது வரை லைசென்ஸ் செல்லும். 30 முதல் 50 வரை உள்ளவர்களுக்குப் பத்து ஆண்டு. கார்டு தபாலில் வரும் வரை அரசு செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இறக்கிக் காட்டலாம், சட்டப்படி அது செல்லும். கேலரியில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் டிராஃபிக் போலீஸ் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.