பால் கறக்கும் பெண் பேசாத வசனம்

காட்சி இப்படித் தொடங்கும். பதினெட்டாம் நூற்றாண்டு, இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊர். வைத்தியரிடம் தொழில் பழகும் பையன் ஒருவன் ஓரமாக நிற்கிறான். பால் கறக்கும் பெண் ஒருத்தி வருகிறாள், பேச்சுவாக்கில் பெரியம்மை பற்றி யாரோ எடுக்க, "எனக்கு அதெல்லாம் வராது, எனக்குத்தான் மாட்டம்மை வந்துபோயிடுச்சே" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். (மாட்டம்மை என்பது பசுவின் மடியில் வந்து, கறப்பவர் கைக்கு ஒட்டும் லேசான நோய்.) பையன் நிமிர்ந்து பார்க்கிறான். குளோசப். பின்னணி இசை. அந்தப் பையன்தான் எட்வர்டு ஜென்னர்.

பாடப்புத்தகம் தொடங்கி யூடியூப் வரை தடுப்பூசியின் பிறப்பை இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஜென்னர் தன் புத்தகத்தில் இந்தக் காட்சியைப் பற்றி மூச்சே விடவில்லை. 1823-ல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் பாரன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அந்தப் பெண் நடந்து வருகிறாள். மருத்துவ வரலாற்றைத் தோண்டியவர்கள் அவளைப் பாரனின் கற்பனை என்றே சந்தேகிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஏனென்றால் அந்தக் காட்சி திரைக்கதைக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. நடுவில் ஒரே ஒரு ஹீரோ, அவன் வாழ்க்கையைத் திருப்பிப் போடும் ஒற்றை வரி, அந்த வரி எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும், சொன்னவளுக்குத் தெரியாது. கதை சொல்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, நிஜத்தில் என்ன நடந்தது? நிஜத்தில் ஆட்கள் அதிகம், அதுதான் சிக்கல்.

முதலில், ஜென்னருக்கு முன்பே அம்மை குத்துவது உண்டு. பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் சீழை எடுத்து, நோய் வராதவரின் தோலைக் கீறி உள்ளே வைப்பார்கள். வங்காளத்தில் இதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள், சீனாவில் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதினார்கள். துருக்கியில் கிழவிகள் இதைச் செய்வதை 1717-ல் பார்த்து ஊருக்குக் கடிதம் எழுதியவர் இங்கிலாந்துத் தூதரின் மனைவி மேரி வொர்ட்லி மாண்டேகு. பெரியம்மை அவருடைய தம்பியைக் கொன்றிருந்தது, அவருடைய கண்ணிமை முடிகளையும் கொண்டுபோயிருந்தது. 1721-ல் லண்டனில் தன் மகளுக்கே டாக்டர்கள் முன்னிலையில் போட வைத்தார். அதே வருடம் அமெரிக்காவின் பாஸ்டனில் கொள்ளைநோய் வந்தபோதும் இதைச் செய்து பார்த்தார்கள், அதற்கு வழி சொன்னவர் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. அங்கே இயல்பாக நோய் கண்டவர்களில் சுமார் 14 சதவீதம் பேர் செத்தார்கள், குத்திக்கொண்டவர்களில் 2 சதவீதம்.

அதே கிருமிதான், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பெரும்பாலும் அது நுழையும் வாசலைப் பொறுத்தது. பெரியம்மை வழக்கமாக மூச்சுக்காற்று வழியாக வந்து, உடம்பு சுதாரிப்பதற்குள் உள்ளே பெருகிப் பரவிவிடும். தோலில் கீறி வைத்தால் முதலில் அந்த இடத்தில்தான் வளர வேண்டும், அதற்குள் நோய் எதிர்ப்புப் படை கிளம்பிவிடுகிறது. ஆனாலும் இது நிஜப் பெரியம்மை. குத்திக்கொண்டவர் பிழைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒட்டிவிடலாம்.

அடுத்தவர் ஜான் ஃப்யூஸ்டர், அதே க்ளாஸ்டர்ஷயரின் தார்ன்பரியில் வைத்தியர். 1768 வாக்கில் சிலருக்கு எத்தனை தடவை அம்மை குத்தினாலும் உடம்பில் பிடிக்கவே இல்லை என்று கவனித்து விசாரித்தால், அவர்களுக்கு முன்பே மாட்டம்மை வந்திருக்கிறது. சக வைத்தியர்களிடம் சொன்னார், அதோடு விட்டுவிட்டார். இருக்கிற முறையே போதுமே என்ற எண்ணம்.

எனக்குப் பிடித்தவர் பெஞ்சமின் ஜெஸ்டி. இங்கிலாந்தின் டார்செட்டில் விவசாயி, டாக்டரே இல்லை. 1774-ல் ஊருக்குள் பெரியம்மை வர, மாட்டம்மை கண்ட பசுவின் மடியிலிருந்து சீழை எடுத்து, துணி பின்னும் ஊசியால் மனைவிக்கும் இரண்டு பையன்களுக்கும் கையில் கீறி வைத்துவிட்டார். மனைவியின் கை வீங்கி நிலைமை மோசமாகி அப்புறம் தேறினார். ஊர்க்காரர்கள் ஜெஸ்டியை மிருகத்தைப் போலப் பார்த்தார்கள், ஏசினார்கள். ஜென்னரின் சோதனைக்கு 22 வருடம் முன்பு இது. படம் எடுத்தால் இவரை வைத்துத்தான் எடுக்க வேண்டும், ஆனால் இவர் கதையில் ஒரு குறை: அவர் அதை எழுதி வைக்கவில்லை, வேறு யாரும் செய்து பார்க்கும்படி சொல்லித் தரவும் இல்லை. வீட்டைக் காப்பாற்றினார், கதை அங்கேயே நின்றுவிட்டது.

ஜென்னரின் பெருமை அங்கேதான் தொடங்குகிறது. 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால் கறக்கும் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து (ஆக, பால்காரப் பெண் ஒருத்தி நிஜமாகவே உண்டு, வசனம்தான் கிடையாது) ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுப் பையனுக்கு வைத்தார். லேசாகக் காய்ச்சல் வந்து போனது. ஜூலை 1-ம் தேதி அதே பையனுக்கு நிஜப் பெரியம்மைச் சீழைக் குத்தினார். இன்றைக்கு யாராவது இதைச் செய்தால் ஜெயில்தான். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிவை எழுதி அனுப்பினால் லண்டனின் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டி திருப்பி அனுப்பிவிட்டது, 1798-ல் சொந்தச் செலவில் 23 பேரின் விவரங்களோடு புத்தகமாகவே போட்டார். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு, அங்கிருந்து அதற்கடுத்த கைக்கு என்று எடுத்து வைத்தாலும் வேலை செய்கிறது என்றும் காட்டினார். இதனால் மாட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. 1802 ஜூனில் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுக் குழந்தைக்குப் போட்ட அம்மைப்பால், பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைக்குக் கை ஏறி வந்ததுதான். ஸ்பெயின்காரர்கள் 1803-ல் 22 அனாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி, வழிநெடுக இரண்டிரண்டு பேராகக் குத்திக்கொண்டே அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பையன்கள்தான் குளிர்பதனப் பெட்டி.

உள்ளே நடப்பது என்ன? மாட்டம்மைக் கிருமியும் பெரியம்மைக் கிருமியும் பங்காளிகள், மேலே இருக்கும் பல புரதங்கள் ஒரே ஜாடை. முதல் பத்து நிமிஷத்தில் சும்மா காட்டிவிட்டுப் போன ஒரு பொருள் கிளைமாக்ஸில் உயிரைக் காப்பாற்றுவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே உத்தி. உயிருக்கு ஆபத்தில்லாத பங்காளியை முதலில் காட்டினால், உடம்பு அதற்குப் பொருத்தமான எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது. அதோடு, செய்யத் தெரிந்த செல்களில் கொஞ்சத்தை நினைவாகப் பல வருடங்களுக்கு வைத்துக்கொள்கிறது. நிஜ வில்லன் வரும்போது முதலிலிருந்து தேட வேண்டாம், அந்த நினைவுச் செல்கள் சட்டென்று பெருகி வேலையை முடித்துவிடுகின்றன. ஒரே வித்தியாசம், சினிமாவில் ரசிகர் மறந்திருந்தால்தான் கிளைமாக்ஸ் கைதட்டல் வாங்கும், இங்கே உடம்பு மறக்கக் கூடாது.

இந்தக் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. லத்தீனில் பசுவுக்கு வாக்கா என்று பெயர், வாக்சின் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் இந்த நோய் குதிரையின் குளம்பிலிருந்து மாட்டுக்கு வந்திருக்கும் என்று ஜென்னரே எழுதியிருந்தார், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1902-ல் அமெரிக்காவில் தயாரித்த பெரியம்மைத் தடுப்பு மருந்து ஒன்றின் மரபணுவை 2017-ல் படித்துப் பார்த்தால், அது மாட்டம்மையைவிடக் குதிரை அம்மைக்குத்தான் நெருக்கமாக இருந்தது. பசுவை ஹீரோயினாகப் போட்டு போஸ்டர் ஒட்டி இருநூறு வருடம் ஓட்டியாயிற்று, இனி எங்கே மாற்றுவது.

பாரன் மட்டும்தான் கதை கட்டினார் என்று இல்லை, நம்ம சென்னையிலும் நடந்திருக்கிறது. அம்மை என்றால் இங்கே அம்மன், அதன் மேல் வெள்ளைக்காரன் ஊசியா என்று மக்கள் தயங்கினார்கள். திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லீசன், அதாவது எல்லிஸ் துரை, அம்மனையும் தன்வந்திரியையும் பசுவையும் கோத்து, மாட்டம்மை குத்துவது தெய்வ சம்மதம்தான் என்று சொல்ல ஒரு கதையைத் தமிழிலேயே எழுதினார். 1819-ல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது, மாட்டம்மை குத்தும் முறையைத் தன்வந்திரி முன்பே சொல்லிவிட்டார் என்று ஒரு பழைய கிரந்தத்திலிருந்து மேற்கோளோடு. ஆராய்ந்தவர்கள் அந்த மேற்கோளைப் போலி என்கிறார்கள், ஆனால் ஐரோப்பிய மருத்துவர்கள் அதை நம்பிப் புத்தகம் புத்தகமாக எடுத்து எழுதினார்கள். இன்றும் இணையத்தில் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடிதத்தின் கீழே இருந்த புனைபெயர், கல்வி விரும்பன்.