குடியிருப்போர் நலச்சங்கம்: பதிவும் அதற்குப் பிறகு வரும் வேலைகளும்

பதிவு எண்ணோடு போர்டு வைத்திருக்கும் நலச்சங்கங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கடைசியாக எந்த வருடம் கணக்குத் தாக்கல் செய்தீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல். பழைய செயலாளரிடம் ஃபைல் இருக்கிறது என்பார்கள். அவரோ மகன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போயிருப்பார். சங்கத்தைத் தொடங்க ஒரு மாலைக் கூட்டமும் சில கையெழுத்துகளும் போதும். அதைச் சட்டப்படி உயிரோடு வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் பலர் கேட்டுக்கொள்வதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கம் வேறு, தெரு அல்லது நகர் நலச்சங்கம் வேறு. அடுக்குமாடிக்குத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 என்று தனிச் சட்டம் இருக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே லிஃப்ட், மோட்டார், மாடிப்படி எல்லாம் பொதுச் சொத்து என்பதால் பராமரிப்புக் கட்டணம் கட்டமாட்டேன் என்று ஒருவர் ஒதுங்க முடியாது. தெருச் சங்கம் அப்படியில்லை. சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம். சந்தா தராத வீட்டின் குப்பையை எடுக்கவிடாமல் செய்வது, தண்ணீர் லாரியை மறிப்பது போன்ற வேலைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் தெருச் சங்கங்களைப் பற்றியது.

எந்தச் சட்டம், யாரிடம் பதிவு?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. கூடவே 1978ஆம் ஆண்டு விதிகள். குறைந்தது 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். இன்றைய விலைவாசியில் பொங்கல் விழாவுக்குப் பந்தலும் மைக் செட்டும் போட்டாலே அந்தத் தொகை தாண்டிவிடும். ஆக, ஓரளவு இயங்கும் எந்தச் சங்கத்துக்கும் பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர்தான் சங்கங்களுக்கும் பதிவாளர். பத்திரம் பதியும் சார்பதிவாளரிடம் போய் நிற்க வேண்டாம். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கலாம். சங்கத்தின் நோக்கங்களைச் சொல்லும் குறிப்பு, துணை விதிகள், நிர்வாகக் குழுவினர் விவரம், அடையாளச் சான்றுகள், சங்க அலுவலகமாகக் காட்டும் வீட்டின் உரிமையாளர் தரும் சம்மதக் கடிதம் ஆகியவை தேவைப்படும். ஏற்கெனவே பதிவான பெயரையோ அதைப் போலவே ஒலிக்கும் பெயரையோ தரமாட்டார்கள். காந்தி நகர், அண்ணா நகர் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருப்பதால், பெயரில் தெருவையும் ஊரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

துணை விதிகள்

பின்னால் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. ஆவண எழுத்தரிடம் போனால் ஒரு அச்சுப்பிரதியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தருவார். மகளிர் மன்றத்துக்கோ ரசிகர் மன்றத்துக்கோ எழுதிய விதிகள் உங்கள் தெருவுக்கு வந்து சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவானாலும் பரவாயில்லை, நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

வாடகைக்கு இருப்பவர் உறுப்பினர் ஆகலாமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை, உங்கள் விதிதான் தீர்மானிக்கும். என் கருத்தில் சேர்ப்பதே சரி. பல தெருக்களில் பாதி வீடுகள் வாடகை வீடுகள்தான். சாக்கடை அடைத்தால் நாற்றம் அவர்களுக்கும்தான் வரும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். ஓட்டு வீட்டுக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்பதையும் எழுதிவையுங்கள். இதை எழுதாமல் விட்டால், முதல் போட்டித் தேர்தலிலேயே கூட்டுக் குடும்பம் ஒன்று ஆறு ஓட்டோடு வந்து நிற்கும்.

நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்கள் மறுபடியும் தேர்வாகலாம். தேர்தல் இல்லாமலே பதினைந்து வருடம் தலைவராகத் தொடர்வதைத்தான் சட்டம் ஏற்பதில்லை. ‘வேறு யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் பொதுக்குழுவைக் கூட்டி, அவரையே மறுபடி தேர்ந்தெடுத்ததாகத் தீர்மானம் போட்டாக வேண்டும்.

செக்கில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்ற விதியும் வேண்டும். நோக்கங்களில் ‘தெரு வசதிகள்’ என்று மட்டும் எழுதாமல் விளையாட்டு, வாசகசாலை, மருத்துவ முகாம், விழாக்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். பிற்பாடு விதியைத் திருத்துவது லேசான காரியம் இல்லை. 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டி, ஓட்டளிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தால்தான் சிறப்புத் தீர்மானம் நிறைவேறும். அதையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு வருடமும்

நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அது முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து, ஆண்டுப் பொதுக்குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கி, ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். செப்டம்பர் கடைசி என்று காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தணிக்கை அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் சேர்ந்து போகும். உறுப்பினர் பதிவேடு 6ஆம் எண் படிவத்தில் இருக்கும். நிர்வாகிகள் மாறினால் 7ஆம் எண் படிவத்தை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். இந்த 7ஆம் படிவத்தைத் தராமல் விடுவதுதான் அடிக்கடி நடப்பது. புது நிர்வாகிகள் வங்கிக்குப் போய்க் கையெழுத்து மாற்றக் கேட்டால், பதிவாளர் முத்திரை இட்ட நகல் எங்கே என்பார் மேலாளர். அங்கேயே எல்லாம் நின்றுவிடும்.

தாக்கல் தாமதமானால் அபராதம் உண்டு. செயல்படாத சங்கம் என்று கருதினால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் பதிவாளருக்கு அதிகாரம் இருக்கிறது. எனவே மினிட்ஸ் புத்தகம், ரசீது புத்தகம், ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு நான்கையும் ஒருவர் வீட்டு அலமாரியில் தூங்கவிடாமல், பதவி மாறும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சங்கத்தின் மின்னஞ்சலில் போட்டுவைத்தால் இன்னும் பாதுகாப்பு.

பணம்

உறுப்பினர்கள் தரும் சந்தா அவர்களுக்காகவே செலவாகிறவரை வருமான வரி இல்லை. ஆனால் மீதிப் பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் வரும் வட்டிக்கு இந்தச் சலுகை கிடைக்காது. பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்கிக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பொருளாளரின் சொந்தக் கணக்கில், அவர் போன் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்வதை நிறுத்துங்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. ஜிஎஸ்டி, மாதம் ஒருவருக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்கும் பெரிய அடுக்குமாடிகளின் கவலை. தெருச் சங்கம் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நிதி திரட்ட ‘குலுக்கல் பரிசு’ டிக்கெட் அடித்து விற்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஒரு கிரைண்டருக்காக அந்த வம்பு தேவையில்லை. சங்கத்தின் பெயரில் ஏலச்சீட்டு நடத்துவதும் அப்படியே: சீட்டு நிதிச் சட்டம், 1982இன்படி பதிவு செய்யாமல் நடத்தினால் குற்றம்.

சங்கம் என்ன செய்யலாம்?

கேட்கலாம். ஆணையிட முடியாது. தெருச் சாலை உள்ளாட்சிக்குச் சொந்தம். திருட்டு பயத்தால் தெரு முனையில் கேட் போட்டு இரவில் பூட்டுகிறார்கள். பொதுச் சாலையை அடைக்கச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆம்புலன்ஸ் வந்து நின்றால் பதில் சொல்வது கஷ்டம்.

கேட்பதற்கு இப்போது வழி கூடியிருக்கிறது. நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகள் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. கிராம சபையில் எழுந்து கேட்பது போல, உங்கள் பகுதியில் தெருவிளக்கு எரியாததை அங்கே கேட்கலாம். சங்கம் முன்கூட்டியே கூடி, எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போனால் பலன் இருக்கும். ஆளுக்கொரு குறையாகப் பேசினால் கூட்டம் முடிந்துவிடும்.

மனைப் பிரிவில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: அங்கீகரித்த வரைபடம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும். நேரில் போனால் யாரோ வேலி போட்டிருப்பார்கள். வரைபட நகலையும் தானப் பத்திர நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்குங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: அந்தச் சட்டம் குடிமக்களுக்கானது. லெட்டர்பேடில் ‘சங்கம்’ கேட்பதாக எழுதாமல், செயலாளர் தன் சொந்தப் பெயரில் கேட்கட்டும்.

பூங்காவுக்கு நடைபாதையோ பள்ளிக்குச் சுற்றுச்சுவரோ வேண்டுமென்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. 1990களில் தொடங்கி, 2021இல் மறுபடி உயிர்பெற்றது. மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். தெருவே சேர்ந்து பங்குத் தொகை கட்ட, சங்கத்தின் வங்கிக் கணக்கும் ரசீதும் இருந்தால் வேலை சுலபம்.

தினசரிப் புகார்களுக்கு முதல்வரின் உதவி மையம் 1100. சென்னை மாநகராட்சி என்றால் 1913. புகார் எண்ணைச் சங்கத்தின் நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த பகுதி சபையில் அந்த நோட்டைத்தான் காட்டப் போகிறீர்கள்.

விழாக்கள்

சாலையில் பந்தல் போட உள்ளாட்சியிடமும் காவல் நிலையத்திடமும் அனுமதி வேண்டும். ஒலிபெருக்கிக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் வரம்பு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள தெருவில் இதற்கு விதியே தேவையில்லை. கோயில் விழா வசூலைச் சங்கக் கணக்கோடு கலக்க வேண்டாம். தெருவில் எல்லா மதத்தினரும் சந்தா கட்டுகிறார்கள்.

கணக்கில் சந்தேகம் வந்தால்

முதலில் பொதுக்குழுவில் கேளுங்கள், பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். பதிவாளரிடம் தாக்கலான ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் சட்டத்தின் 36ஆம் பிரிவு இருக்கிறது: உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு மனு கொடுத்தால், சங்கத்தின் நடப்பையும் நிதி நிலையையும் பதிவாளர் விசாரிக்கலாம். கையெழுத்திடுபவர்கள் பதிவேட்டில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆகவே மனு எழுதும் முன் உங்கள் சந்தா பாக்கி இல்லை என்பதையும், 6ஆம் படிவத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.