அந்த மணலை ஏத்தி வந்தது ஆர்?

"உந்த மணலை எங்கையிருந்தடா ஏத்தி வந்தவங்கள்?"

மாலைதீவில் ஒரு ரிசோர்ட் கடற்கரையில் நின்றுகொண்டு அக்கா கேட்ட கேள்வி. மருமகளின் கலியாணத்தை அங்கேதான் வைத்தார்கள். கனடாக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் பொதுவான இடமாம். ஒரு இளநீரின் விலையை இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்த்த அக்கா அதற்குப் பிறகு பச்சைத்தண்ணிதான் குடித்தா. பன்னிரண்டரை மணி வெயிலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தா. "கால் பொசுங்கப் போகுது" என்றேன். "சுடேல்லையடா" என்றா. நானும் கழற்றினேன். உண்மைதான், சுடவில்லை.

அதற்குக் காரணம் எளிது. வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். புல்மோட்டையின் இல்மனைற் கலந்த கருமணலில் மத்தியானம் வெறுங்காலோடு நின்றவருக்கு இதன் மறுபக்கம் தெரியும். எனக்குப் பிடித்தது அக்காவின் முதல் கேள்வி. எங்கள் ஊரில் மணல் என்றால் ட்ரக்டரில் வருவது, கியூப் (நூறு கன அடி) கணக்கில் விலை பேசுவது. இவ்வளவு மணலை நடுக்கடலுக்குக் கொண்டுவந்தது யார்?

மாலைதீவில் மலையும் இல்லை, மணலை அள்ளிவர ஆறும் இல்லை. ஏறக்குறைய 1,200 தீவுகளில் இயற்கை நிலத்தின் மிக உயர்ந்த இடமே இரண்டரை மீற்றரைத் தாண்டாது. எரிமலை மெல்ல மெல்லத் தாழ, அதைச் சுற்றி முருகைக்கல் மேலே மேலே வளர, வளையத் தீவுகள் பிறக்கும் என்று டார்வின் 1842இலேயே எழுதிவிட்டார். அது பள்ளிக்கூடப் புவியியல். அந்த முருகைக்கல்லை மணலாக்கியது அலை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அலைக்கும் பங்கு உண்டு. ஆனால் வக்கரு என்ற மாலைதீவுத் தீவைச் சுற்றிக் கணக்கெடுத்த எக்செற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு வேறு. வெளிப்புற முருகைப் பாரில் ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 5.7 கிலோ புதிய மணல் உண்டாகிறது. அதில் 85 வீதத்துக்கு மேல், கிளியின் அலகு போன்ற வாயால் முருகைக்கல்லைக் கடித்து மணலாகக் கழிக்கும் கிளிமீனின் வேலை.

அதாவது, மீன் கழித்ததன் மேல்தான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். இதைச் சொன்னதும் அக்கா "சீ" என்று செருப்பைப் போட்டுவிட்டா.

அடுத்த நாள் முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை வைத்தேன். மீன் கண்ணில் படுவதற்கு முன் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்தில் இருந்து பருத்தித்துறை வடை கடிப்பது போல நறுக், நறுக். பிறகு கண்டேன், பச்சையும் நீலமுமாக ஒன்று. பாரைக் கடித்தது, சற்று நகர்ந்தது, பின்னால் வெள்ளைப் புகை போல மணலை விட்டது.

கிளிமீனுக்குப் பசி கல்லின் மேல் அல்ல. கல்லின் மேலும் உள்ளும் வாழும் பாசிக்கும் நுண்ணுயிருக்கும்தான். அவற்றை எடுக்கக் கல்லையே கடிக்கிறது. அந்த அலகு, ஒன்றோடொன்று ஒட்டிய ஏறக்குறைய ஆயிரம் பற்கள். முன்வரிசை தேய்ந்து விழ, பின்வரிசை முன்னுக்கு வரும். பற்களின் பொருள் புளோரபற்றைற்று என்ற, புளோரைட் சேர்ந்த கனியம்; பற்பசையில் புளோரைட் சேர்ப்பதும் எங்கள் பல்லில் கொஞ்சமாவது அது உண்டாகட்டும் என்றுதான். 2017இல் இந்தப் பல்லை எக்ஸ்-கதிரில் பார்த்தவர்கள், அதன் பளிங்கு இழைகள் கடகம் இழைத்தது போல ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதைக் கண்டார்கள். நுனியை நோக்கிப் போகப்போக இழை 5 மைக்ரோமீற்றரிலிருந்து 2 ஆக மெலிகிறது. ஒற்றை ஓலை கிழியும், கடகம் கிழியாது.

ஆனால் அலகு கல்லை உடைப்பதோடு சரி. அரைப்பது தொண்டை. அங்கே இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது. கீழ் எலும்பு, பாவித்துப் பாவித்துக் குழி விழுந்த அம்மி. மேல் எலும்பு, அந்தக் குழிக்குள் முன்னும் பின்னும் ஓடும் குழவி. இரண்டிலும் வரிசை வரிசையாகப் பல். எங்கள் அம்மி தேய்ந்தால் பொளிகிறவரைக் கூப்பிட வேண்டும். இந்த அம்மியில் தேயத் தேயப் புதுப் பல் முளைக்கும். அரைத்த விழுது நேரே குடலுக்குப் போகிறது, ஏனென்றால் கிளிமீனுக்கு இரைப்பையே கிடையாது. எங்களைப் போல அமிலம் நிறைந்த வயிறு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வீட்டுக்கு வந்து அதைச் செய்து பார்த்தேன். அக்காவின் சேலைக் கரையை உதற ஒரு தேக்கரண்டி மணல் கொட்டியது. அதில் விநாகிரி விட்டேன். சோடாப் போத்தல் திறந்தது போல நுரைத்தது. சுண்ணாம்புக்கல், அமிலம், கரியமில வாயு. பக்கத்துத் தட்டில் வல்லிபுர மணல், பெரும்பாலும் சிலிக்கா. அது கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் கிடந்தது. நெடுந்தீவில் சாந்தே பூசாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள் இருக்கின்றனவே, அதில் உதிர்ந்த ஒரு துண்டும் நுரைக்கும்.

கலியாண வீட்டில் ஒரு மாமா, அந்த மணலுக்குள் காலைப் புதைத்தால் கல்சியம் ஏறி வாதம் போகும் என்று வட்சப்பில் வந்ததைக் காட்டினார். தோல் வழியாகச் சுண்ணாம்புக்கல் ஏறுமென்றால், சுண்ணாம்பு அடிக்கிறவர் எவருக்கும் மூட்டு வலி வரக்கூடாது. இதற்கு மேல் நான் வாதாடவில்லை, சம்பந்தி வீடு.

கிளிமீன்களிலேயே பெரியது, நெற்றி புடைத்த இனம், ஒன்றே ஆண்டுக்கு 5 தொன்னுக்கு மேல் கல்லை விழுங்கும். எடையில் பார்த்தால் ஒரு கியூப் மணலை விட அதிகம், அக்கா. 2009இல் பெலீஸ் நாடு கிளிமீன் பிடிப்பதையே தடைசெய்தது, மணலுக்காக அல்ல, பாசி மூடி முருகைக்கல் சாகக்கூடாது என்று. எங்கள் புங்குடுதீவு, நெடுந்தீவுக் கரையிலும் பார் உண்டு. அங்கே கிளிமீன்களை எண்ண ஒரு மாணவிக்கு முகமூடி, நீருக்குள் எழுதும் பலகை, வள்ளத்துக்கு எண்ணெய் இருந்தால் போதும். அந்த ரிசோர்ட்டின் ஒரு இரவு வாடகைக்குள் ஒரு மாதம் எண்ணலாம். ஆய்வுக்குக் காசில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இளநீர்தான் ஞாபகம் வரும்.

ஒன்றை அக்காவிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பருவக்காற்று மாற, இந்தத் தீவுகளில் மணல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகரும். தீவுக்கு அது வழமை, வாடகை வாங்கிய அறைக்கு முன்னால் கரை காணாமல் போனால் ரிசோர்ட்டுக்குத்தான் தலையிடி. கடைசி நாள் விடிய ஐந்தரைக்கு, விருந்தாளிகள் எழும்ப முன், நாலு பெடியள் கடலிலிருந்து தடித்த குழாயை இழுத்து வந்து பம்பைப் போட்டார்கள். வெள்ளைச் சேறு கரையில் கொட்டியது. தேத்தண்ணியோடு வாசலில் நின்ற அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா.

"நான் அப்பவே சொன்னனான்."