புதுச்செவ்வியல்: தாங்களே சூட்டிக்கொள்ளாத பெயர்

கலை வரலாற்றைத் தமிழில் எழுத உட்காருபவரிடம் முரண்டு பிடிக்கும் சொற்களில் ஒன்று 'நியோகிளாசிக்கல்'. நவசெவ்வியல், புதிய செவ்வியல், நவீன செவ்வியல், புதுச்செந்நெறி என்று அதற்குப் பல வேடங்கள் போட்டுப் பார்த்துவிட்டோம். சிலர் களைத்துப்போய் 'நியோகிளாசிக்கல்' என்றே எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடுவதில் குற்றமில்லை. ஆனால் 'நவீன செவ்வியல்' என்று எழுதுபவர் பொருளையே கவிழ்த்துவிடுகிறார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பாவில் ஓங்கியிருந்த ஓர் இயக்கத்தின் பெயர் இது. தம் காலத்து நவீனப் பாணி பிடிக்காமல், இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போய்க் கிரேக்கத்தின் கதவைத் தட்டியவர்கள் அவர்கள்.

சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பின்பாதியிலிருந்து தொடங்கலாம். அதில்தான் சுவையும் அதிகம், சிக்கலும் அதிகம்.

'கிளாசிக்கல்' என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'கிளாசிஸ்'. படைக்குத் திரட்டிய கூட்டம், கப்பற்படை, பிரிவு என்று அதற்குப் பல பொருள். ரோமின் ஆறாம் மன்னர் செர்வியஸ் டுல்லியஸ் குடிமக்களைச் சொத்து மதிப்பின்படி ஐந்து பிரிவுகளாக வகுத்தார் என்பது ரோமானியரின் மரபுச் செய்தி. அவற்றில் முதல் பிரிவினர் மட்டுமே 'கிளாசிகஸ்'. மற்றவர்கள் எல்லாரும் 'பிரிவுக்குக் கீழே' உள்ளவர்கள். ஆக, இது வரிக் கணக்கர்களின் சொல்; கையில் காசுள்ளவனைக் குறித்த சொல். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் என்பவர் தன் குறிப்பேட்டில் ஓர் இலக்கணச் சண்டையைப் பதிந்துவைத்திருக்கிறார். 'மணல்' என்ற சொல்லுக்குப் பன்மை உண்டா இல்லையா என்பது வழக்கு. தீர்ப்புச் சொன்ன பிரான்டோ என்ற சொற்பொழிவாளர், பழைய எழுத்தாளர்களில் கிளாசிகஸான எவராவது அப்படி எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள், புரோலேட்டேரியஸைத் தேடாதீர்கள் என்றாராம். வரிப் பட்டியலின் சொல் எழுத்துக்கு வந்த இடம் இது. புரோலேட்டேரியஸ் என்றால் பிள்ளைகளைத் தவிர வேறு சொத்தில்லாதவன். நாம் 'பாட்டாளி வர்க்கம்' என்று மொழிபெயர்க்கும் சொல்லின் மூலமும் அதுவே. செவ்வியலும் பாட்டாளியும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நின்றிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் இந்த 'முதல் தரம்' என்ற பொருளோடு, வகுப்பறையில் பாடமாக வைக்கத் தகுந்தது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியப் பள்ளிகளில் பாடமாக இருந்தவை கிரேக்கமும் லத்தீனும்தான். அதனால் கிளாசிக்கல் என்றாலே கிரேக்க, ரோமானியப் பழமை என்று ஆகிவிட்டது.

தமிழில் நாம் தேர்ந்த சொல் வேறு வழியில் வந்தது. செம்மையும் இயலும் புணர்ந்தால் செவ்வியல். செம்மையும் இதழும் சேர்ந்து செவ்விதழ் ஆவதுபோல, இளநீரோடு சேர்ந்து செவ்விளநீர் ஆவதுபோல. செம்மை என்றால் சிவப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள். நேர்மை, கோணாமை, ஒழுங்கு என்பது உள்ளே இருக்கும் பொருள். 'அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும்' என்று குறள் எதிரெதிராக நிறுத்தும்போது, செவ்வியான் என்பவன் மனக்கோட்டம் இல்லாதவன். லத்தீன்காரன் சொத்தை அளந்து பெயர் வைத்தான். தமிழ்ச்சொல்லோ கோணல் இருக்கிறதா என்று பார்க்கிறது. 2004இல் மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபின் இந்தச் செம்மை எல்லார் வாயிலும் புழங்கிவிட்டது. செவ்வியல் என்ற சொல்லுக்கும் அதனால் வாழ்வு வந்தது.

போட்டிச் சொற்களும் உண்டு. இலங்கை ஆய்வாளர்களின் எழுத்தில் 'செந்நெறி' அடிக்கடி கண்ணில் படும். நல்ல சொல், எனக்கு அதன்மேல் புகாரில்லை. நம் பொருளியல் பாடநூல்கள் 'தொன்மை', 'புதிய தொன்மை' என்று எழுதுகின்றன. இசைக்காரர்கள் 'சாஸ்திரிய' என்பார்கள். கலைக்குத் தொன்மை ஏன் பொருந்தாது என்பதை அந்த இயக்கத்தின் தலைமகனே சொல்லிவிட்டார்.

அவர் யோகான் வின்கெல்மன். 1717இல் ஜெர்மனியின் ஸ்டெண்டால் ஊரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். 1755இல் கிரேக்கக் கலையைப் பின்பற்றுவது பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். நாம் உயர்வதற்கு, முடிந்தால் பிறர் பின்பற்ற முடியாத அளவுக்கு உயர்வதற்கு, ஒரே வழி பழையவர்களைப் பின்பற்றுவது என்றார். கிரேக்கக் கலையின் இலக்கணமாக அவர் சொன்ன தொடரை 'மேன்மையான எளிமை, அமைதியான பெருமிதம்' என்று தமிழாக்கலாம். தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான பெருமிதம் இங்கே கச்சிதமாக உட்காருகிறது. வேடிக்கை என்னவென்றால், இதை எழுதும்போது அவர் டிரெஸ்டனில் இருந்தார். அதுவரை ரோமுக்குக்கூடப் போனதில்லை. கிரேக்க மண்ணை அவர் கடைசிவரை மிதிக்கவே இல்லை. 1768இல் டிரியெஸ்ட் நகரின் விடுதியில் கொலையுண்டு இறந்தார். அவர் பிற்காலத்தில் ரோமில் பார்த்துப் பார்த்து வியந்த 'கிரேக்கச்' சிலைகளில் பெரும்பாலானவை ரோமானியர் செய்த நகல்கள்.

பழையது என்பதற்காக அவர் கிரேக்கத்தை வணங்கவில்லை. அது சரியானது, அளவறிந்தது, மிகையில்லாதது என்று நம்பினார். எகிப்து கிரேக்கத்தைவிடத் தொன்மையானதுதான். இருந்தும் அவர் அதன் பக்கம் சாயவில்லை. 'தொன்மை' என்று மொழிபெயர்த்தால் வயது மட்டும் தெரியும், இந்த நம்பிக்கை தெரியாது. செவ்வியல் என்றால் தெரியும்.

இனி முன்பாதி. 'நியோ' என்பது கிரேக்கத்தில் புதியது. ஆனால் எதற்கு மேல் புதியது? பண்டைக் கிரேக்கத்துக்குப் பிறகு வந்த மறுமலர்ச்சிக் காலமும் பழமையிடம் போனதுதானே என்று கேட்கலாம். போனது உண்மை. ஆனால் அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் ரோமின் இடிபாடுகளும் ஏடுகளும். 18ஆம் நூற்றாண்டுக்காரர்களிடம் மண்வெட்டியும் அளவு நூலும் இருந்தன. வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியத்தை 1738இல் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள், பாம்பேயை 1748இல். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நிக்கோலஸ் ரெவெட் என்ற இருவர் ஏதென்சுக்கே போய்க் கோயில்களை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து 1762இல் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். அதுவரை கேள்விப்பட்டதாக இருந்த கிரேக்கம் அளவுகளோடு கைக்கு வந்தது.

இந்த இயக்கத்தவர் யாரும் தங்களைப் 'புதுச்செவ்வியலார்' என்று அழைத்துக்கொண்டதில்லை. 'மெய்யான பாணி' என்றார்கள், கலைகள் மீண்டெழுந்தன என்றார்கள். நியோ சேர்ந்த பெயர் அவர்கள் ஓய்ந்தபின், 19ஆம் நூற்றாண்டில், ஏளனம் தோய்ந்து வந்தது: உயிரில்லாத நகல், குளிர்ந்த போலி என்ற தொனியில். பொருளியலிலும் 'நியோகிளாசிக்கல்' என்ற பெயரை 1900இல் சூட்டியவர் அந்தச் சிந்தனைப் போக்கைக் குறைசொன்ன அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன்தான். இந்தச் சொல்லுக்கு ஜாதகத்திலேயே வசை இருக்கிறது போலும்.

ஏளனம் நியாயமா என்று பார்க்க ஓர் ஓவியம் போதும். பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தாவீத் 1784இல் ரோமில் இருந்துகொண்டு தீட்டிய 'ஹொராத்தியர் சூளுரை'; ரோமுக்காகப் போரிடச் சபதமெடுக்கும் ஹொராத்தியர் குடும்பத்துச் சகோதரர்களின் கதை. இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 3.3 மீட்டர் உயரம், 4.25 மீட்டர் அகலம். பின்னால் மூன்று வளைவுகள், டோரிக் என்ற பழைய கிரேக்க வகையைச் சேர்ந்த அலங்காரமற்ற தூண்கள். இடப்பக்கம் கைநீட்டி நிற்கும் மூன்று சகோதரர்கள். நடுவில் மூன்று வாள்களைத் தூக்கிப் பிடித்த தந்தை. வலப்பக்கம் துவண்டு சரிந்த பெண்கள். அவர்களுள் ஒருத்தி எதிரிக் குடும்பத்தில் மணம் பேசப்பட்டவள். எல்லாரும் ஒரே தளத்தில், கல்லில் செதுக்கிய புடைப்புச் சிற்ப வரிசைபோல நிற்கிறார்கள். தூரிகைத் தடம் எங்கும் தெரியாது. இதற்கு ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் முன் அதே பிரான்சில் பிராகோனார் வரைந்த ஊஞ்சல் ஓவியத்தில், இளஞ்சிவப்புப் பாவாடை பறக்க ஒரு சீமாட்டி காலணியைக் காற்றில் உதறிக்கொண்டிருந்தாள். ரொக்கோக்கோ என்ற அந்த ஆடம்பர அலங்காரப் பாணியின் சிங்காரத்துக்குப் பக்கத்தில் தாவீதை வைத்தால், அவர் குளிர்ந்தவரா என்ற கேள்வியே எழாது. கோபக்காரர் என்றுதான் தோன்றும். ஐந்தாண்டு கழித்துப் புரட்சி வெடித்தது. 1793இல் கொலையுண்ட புரட்சித் தலைவர் மாராவைக் குளியல் தொட்டியில் கிடத்தி வரைந்தவரும் இவரே.

சிற்பத்தில் இத்தாலியின் கனோவா, டென்மார்க்கின் தோர்வால்ட்சன் இருவரும் பெரும்பெயர்கள். அவர்கள் சலவைக்கல்லை வெண்மை மாறாமல் மெருகேற்றினார்கள். கிரேக்கச் சிலைகள் வெள்ளையானவை என்பது அன்றைய பொது நம்பிக்கை. உண்மையில் கிரேக்கர் தம் சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். மண்ணுக்குள் கிடந்து வண்ணம் உதிர்ந்துவிட்டது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை வண்ணத்தோடு பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

இந்தப் பாணிச் சிற்பத்தைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. தஞ்சையில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில், மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் சுவார்ட்சின் கையைப் பற்றி நிற்கும் இரண்டாம் சரபோஜியைப் புடைப்புச் சிற்பமாகக் காணலாம். மன்னரே சொல்லிச் செய்வித்தது. செதுக்கியவர் ஜான் பிளாக்ஸ்மன். ரோமில் ஏழாண்டு தங்கிப் பழமையைக் கற்றுவந்த ஆங்கிலேயர்.

சென்னையில் தீவுத்திடல் அருகே 1839 முதல் நிற்கும் தாமஸ் மன்றோ சிலையையும் சொல்ல வேண்டும். குதிரைமேல் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அதை எண்ணி உயிரையே விட்டுவிட்டார் என்றுகூட ஊரில் ஒரு கதை. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி அப்படியெல்லாம் சாகவில்லை. லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜையும் அவர் இப்படித்தான் உட்கார்த்தினார். ரோமில் உள்ள பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் குதிரைச் சிலையில் அங்கவடி கிடையாது. ரோமானியர் அந்தக் காலத்தில் அங்கவடியை அறியவே இல்லை. மறதி ஒன்றும் நடக்கவில்லை. ஆளுநரைக் கொஞ்சம் ரோமானியராக்கிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கட்டடக்கலையில் இந்தச் சொல்லை அடையாளம் காண்பது எளிது: தூண்வரிசை, அதன்மேல் முக்கோண முகப்பு, முன்னால் படிக்கட்டு, மிகையில்லாத சுவர். பாரிசின் பாந்தியோன், ஏதென்ஸ் அக்ரோபோலிஸின் வாயிலைப் பார்த்துக் கட்டிய பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் ஆகியவை பெயர்பெற்றவை. அமெரிக்கர்கள் மன்னர் இல்லாத ரோமைத் தங்கள் முன்னோடியாக நினைத்ததால் இந்தப் பாணியை இறுகப் பற்றிக்கொண்டார்கள்; வர்ஜீனியாவின் சட்டமன்றத்துக்கு ஜெபர்சன் முன்மாதிரியாகக் கொண்டது பிரான்சின் நீம் நகரில் இருக்கும் ரோமானியக் கோயில். நம் பத்திரிகைகளில் ஒரு பழக்கம் உண்டு: வெள்ளைக்காரன் கட்டியது என்றால் எல்லாம் 'கோதிக் பாணி'. கூர்வளைவு இருந்தால் கோதிக். முக்கோண முகப்பு இருந்தால் அது இல்லை. சென்னை உயர் நீதிமன்றமோ குவிமாடங்களோடு இந்தோ சாரசனிக் என்ற வேறு குடும்பம்.

சரி, கடைசியில் எந்தச் சொல்? 'நவ' வடமொழி, 'செவ்வியல்' தமிழ், ஒட்டு தெரிகிறது. 'புதிய செவ்வியல்' என்று பிரித்து எழுதினால், புதிதாக வந்த ஒரு செவ்வியல் என்று பொருள்பட்டு, நேற்று வெளியான நாவலுக்கும் பொருந்திவிடும். 'புதுச்செவ்வியல்' என்று வல்லினம் மிகுந்து ஒரே சொல்லாக நிற்கும்போது அது பெயராகிறது: புதுப்பிக்கப்பட்ட செவ்வியல். புது என்பதற்குள் புதுக்குதல் என்ற வினை ஒளிந்திருப்பது இங்கே உதவுகிறது. பழைய கோயிலைப் புதுக்கினான் என்று நாம் சொல்வதில்லையா? இயக்கத்தைத் தனியே குறிக்க வேண்டிய இடத்தில் மார்க்சியம், பெண்ணியம் போலப் 'புதுச்செவ்வியம்' என்று எழுதலாம். ஓவியம், பாணி, கட்டடம் ஆகியவற்றுக்கு முன் அடையாக வரும்போது 'புதுச்செவ்வியல்'. 'புதுச்செவ்வியல்வாதம்' என்று வாலை நீட்டுவது வேண்டாம்.

பயன்படுத்திப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. சென்னை அண்ணா சாலைக்கருகே உள்ள ராஜாஜி மண்டபத்தின் படத்துக்குக் கீழே இப்படி எழுதலாம்: 'வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைக்க, 1802இல் ஆளுநரின் விருந்து மண்டபமாகக் கட்டி முடிக்கப்பட்ட புதுச்செவ்வியல் கட்டடம்.' இடம் மிஞ்சினால் இன்னொரு செய்தியையும் சேர்க்கலாம். அன்றைய சென்னையின் இத்தகைய கட்டடங்களில் சலவைக்கல்லாகத் தோன்றிய தூண்கள் உள்ளே செங்கல். மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசிக் கண்ணாடிபோலத் தேய்த்த நம்மூர்ச் சாந்து. அந்தச் சுண்ணத்தை ஆங்கிலேயர் 'சுனம்' என்று தங்கள் அகராதியிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.