பத்தில் நிறுத்திப் பாருங்கள்

“சார், நான் வாசிக்கிற புலேரியாஸ் எப்பவும் ஒரே மாதிரி இருக்கு. புதுசா ரெண்டு ரஸ்கேயாடோ சொல்லிக்குடுங்க.” ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையைக் கிட்டாரில் கற்க வருகிறவர்களில் பலர் என்னிடம் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். புலேரியாஸ் அந்த இசையில் ஒரு வேகமான வகை. சரி, வாசியுங்கள் என்பேன். விரல்களை விசிறிபோல விரித்துத் தந்திகளை வாருகிற அந்த ரஸ்கேயாடோ ஏற்கெனவே மூன்று நான்கு வகை கையில் இருக்கும். வேகமும் இருக்கும். மூச்சுவிட மட்டும் இடம் இருக்காது. எல்லா அடியும் நிரம்பி வழியும். எது அழுத்த வேண்டிய அடி, எது சும்மா கடந்து போகிற அடி என்று கேட்பவருக்குப் பிடிபடாது.

தாளச் சுற்றை ஸ்பெயினில் கம்பாஸ் என்கிறார்கள். சொலேயா, அலெக்ரியாஸ், புலேரியாஸ் ஆகிய மூன்று வகைகளும் 12 அடிச் சுற்று. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய அடிகளில் விழும். புலேரியாஸை 12-இலிருந்தே எண்ணத் தொடங்கினால் வடிவம் தெளிவாகத் தெரியும்: முதலில் இரண்டு மூன்றுகள், பிறகு மூன்று இரண்டுகள். செகிரியா என்ற வகையிலும் இதே அழுத்தங்கள்தான், ஆனால் 8-இல் நுழைவதால் 2, 2, 3, 3, 2 என்று ஆளே மாறிவிடும். கையில் தாளம் போட்டுப் பழகிய நம்மவர்கள் இந்தக் கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அவர்களை இடறுவது வேறு: எதையும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், கொண்டுவந்து முடிக்கிற பழக்கம். இங்கே ஓர் இசை வாக்கியம் பெரும்பாலும் 10-இல் முடிந்துவிடும். 11-ஆம் அடி, கூடவே கைதட்டித் தாளம் போடுகிறவர்களுடையது.

போன மாதம் ஒரு மாணவரோடு செய்ததைச் சொல்கிறேன். முதல் கால் மணி நேரம் கிட்டார் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மேஜையில் விரல் முட்டியால் தட்டினோம், அவ்வளவுதான். தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் மதுக்கடை மேஜைகளில் இப்படித்தான் தட்டிக்கொண்டே பாடுவார்கள். பயிற்சிக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. அப்புறம் கிட்டாரை எடுத்தார். இடது கையைத் தந்திகள்மேல் லேசாகப் படுக்கவைத்துச் சுரத்தை அடக்கிவிட்டு, வலது கைக்கு இரண்டே வேலை கொடுத்தேன்: சுட்டுவிரலால் கீழ்நோக்கி ஓர் அடி, மோதிரவிரலால் கிட்டாரின் முன்பலகையில் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குப் பெயர் கோல்பே. முதலில் இரண்டையும் அழுத்த அடிகளில் மட்டும் வைத்தோம். அடுத்து, கோல்பேயை மட்டும் அழுத்தமில்லாத அடிகளுக்கு நகர்த்தினோம். ஒரே விரல், ஒரே வேகம். கேட்க வேறு வாசிப்புபோல இருந்தது.

சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. “10-இல் அடித்து உள்ளங்கையால் தந்திகளை அணைத்துவிடுங்கள். மறுபடி 12-இல் வாருங்கள். நடுவில் ஒன்றும் வேண்டாம்” என்றேன். அவரால் முடியவில்லை. 11 வந்ததும் சுட்டுவிரல் தானாக எழுந்தது. நான்கைந்து சுற்று இப்படியே போக, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புதிதாக எதுவும் சேர்க்காமல் இந்த ஒரு காலி இடத்துக்கே இருபது நிமிடம் ஆனது.

அது கைவந்த பிறகு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாற்றத்தைத் தொட்டோம். ‘ஏ’யில் தொடங்கி 3-இல் ‘பி ஃபிளாட்’டுக்குப் போய் 10-இல் ‘ஏ’க்குத் திரும்புவது பால பாடம். அந்த ‘பி ஃபிளாட்’டை 3-க்கு அரை அடி முன்னாலேயே போட்டுப் பாருங்கள், சுற்று முன்னுக்குத் தள்ளுகிற மாதிரி இருக்கும். இல்லையென்றால் 12 அடியையும் மூன்று மூன்றாகவே வாசியுங்கள். கைதட்டு மட்டும் பழைய 8-இலும் 10-இலும் விழுந்துகொண்டிருக்கட்டும். அந்த உரசல்தான் ருசி. ஒன்று மட்டும் முக்கியம்: கைதட்டு நகரக் கூடாது. அது நகர்ந்தால் நீங்கள் செய்தது வெறும் தப்பு.

கேட்டுப் பழக இரண்டு கிட்டார் கலைஞர்களை, ஹெரேஸ் நகரத்து மொராயிட்டோ சிக்கோவையும் (1956-2011), மொரோன் ஊரின் தியேகோ தெல் கஸ்தோரையும் (1908-1973) சொல்வேன். வேகத்துக்காக அல்ல, அடியை வைக்கிற விதத்துக்காக. கிட்டார் கலைஞர் பாக்கோ தெ லூசியா 1970-களின் பிற்பகுதியில் பெருவிலிருந்து கொண்டுவந்த, மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற கஹோன் என்ற மரப்பெட்டியின் பதிவோடு சேர்ந்து பழகுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது இனிமையான போர்வை, நம் ஓட்டைகளை மூடிவிடும். முதல் சில மாதங்கள் கைதட்டு மட்டும் போதும் என்பது என் கட்சி.

கை வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரஸ்கேயாடோவில் வேலை செய்வது விரலை விரிக்கிற தசைகள். முன்கையின் வெளிப்பக்கம் இருப்பவை. அன்றாட வாழ்க்கையில் நாம் பிடிக்கிறோம், அழுத்துகிறோம். பலத்தோடு விரிப்பது அபூர்வம். அதனால் வீடியோவைப் பார்த்து ஒரு மணி நேரம் விடாமல் வாருகிறவருக்கு முழங்கை ஓரம் எரியத் தொடங்கும். எரிந்தால் நிறுத்துங்கள். பத்து நிமிடம் வாசித்து, ஓய்வு கொடுத்து, மறுபடி எடுங்கள். மரத்துப்போவது நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு நடன வகுப்புக்கு வாசிக்கப் போனேன். ஆடுகிற அம்மா காலடி வேலையைத் தொடங்கியதும் நான் கையில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். பாதியில் நின்றுவிட்டார். “என் கால் சத்தம் எனக்கே கேட்கலப்பா.” அடுத்த தடவை அழுத்த அடிகளில் மட்டும் அணைத்த தந்தியில் ஒரு தட்டு வைத்தேன். நான் விட்ட இடத்தில் அவர் குதிகாலால் புதிதாக இரண்டு அடி சேர்த்தார்.

அந்த மாணவர் நேற்று ஒரு பதிவு அனுப்பியிருந்தார். 10-இல் நிற்கிறார், மின்விசிறி ஓடுவது கேட்கிறது, 12-இல் சரியாக இறங்குகிறார். கூடவே ஒரு கேள்வி: “6-லயே நிறுத்தலாமா சார்?” நிறுத்தலாம், புலேரியாஸில் ஆறடி அரைச் சுற்றும் உண்டு என்று பதில் போட்டேன். பாடகர் நடுவில் இருக்கும்போது மட்டும் முதலில் அவர் வாயைப் பார்க்கச் சொன்னேன்.